கேனான் 700டி கேமராவில் ரா (raw) வீடியோ: பகலில் தடையின்றி ஓடுகிறது, இரவு நாடகத்தில் சில விநாடிகளில் நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

மேலூர்ப் பக்கம்

வணக்கம். மேலூர், நத்தம் வட்டாரக் கிராமங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களைப் படம் பிடித்து வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த நாடகங்கள் இவை. இரவு பத்து மணிக்கு மேல் பபூனும் (கோமாளி) டான்ஸும் (நடனக்காரி) மேடைக்கு வருவார்கள். ராஜபார்ட் (கதாநாயக நடிகர்) பாடி முடிக்கும்போது விடிந்திருக்கும். மூத்த நடிகர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் குரலும் முகமும் நல்ல தரத்தில் பதிவாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. வாட்ஸ்அப்பில் சுற்றும் மங்கலான துண்டுகள் மட்டுமே மிஞ்சக் கூடாது.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 700டி, அதனோடு வந்த 18–55 லென்ஸ், 64 ஜி.பி. கார்டு ஒன்று. கேமராவின் வழக்கமான எச்.264 வீடியோவில் அரிதாரம் பூசிய நெற்றி வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. ராஜபார்ட்டின் நீல வெல்வெட் உடுப்பு கறுப்பாகத் தெரிகிறது. அதனால் மேஜிக் லேண்டர்ன் என்ற கூடுதல் மென்பொருளை நிறுவி, சென்சார் தரும் தரவை அப்படியே பதியும் ரா முறையில் எடுக்கத் தொடங்கினேன்.

அமைப்பு: 1728×972, 14 பிட் லாஸ்லெஸ், 24 ஃபிரேம், ஷட்டர் 1/60. பகலில் கண்மாய்க்கரை, வயல், தெரு என்று எதை எடுத்தாலும் நிற்காமல் ஓடுகிறது. நாடக மேடைக்கு வந்தால் ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 6400 தேவைப்படுகிறது. பதிவு தொடங்கிய சில விநாடிகளில் தானாக நின்றுவிடுகிறது. நிற்பதற்கு முன் பதிவான துண்டிலும் மேலிருந்து கீழாக நிழல் பட்டைகள் ஊர்கின்றன.

அதே கேமரா, அதே கார்டு, அதே அமைப்பு. இரவில் மட்டும் ஏன் இப்படி?

திருநகர்

முதலில் கார்டைச் சோதித்துப் பாருங்கள் சார். போலி கார்டுகள் சந்தையில் நிறைய நடமாடுகின்றன. உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம்தான். எழுதும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும். வி30 முத்திரை இருந்தால் தொடர்ச்சியாக விநாடிக்கு 30 எம்.பி. எழுதும் என்பது உறுதி. வெறும் ‘கிளாஸ் 10’ என்றால் 10 எம்.பி.க்குத்தான் உத்தரவாதம். மேஜிக் லேண்டர்னிலேயே வேகத்தை அளக்கும் பெஞ்ச் மாட்யூல் இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள்.

மேலூர்ப் பக்கம்

ஓட்டினேன் அண்ணே. எழுதும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 40 எம்.பி. காட்டுகிறது.

வைகை வடகரை

தம்பி, அப்படியானால் கார்டில் கோளாறு இல்லை. 700டி-யின் கார்டு இணைப்பே அந்த அளவுக்குத்தான் கொடுக்கும். கேனானின் 650டி, 100டி, இஓஎஸ் எம் எல்லாம் இதே கதிதான். 170 என்று அச்சிட்ட கார்டைப் போட்டாலும் இயல்பான நிலையில் 40-க்கு மேல் போகாது. கார்டு மோசம் என்றால் பகலிலும் நின்றிருக்க வேண்டுமே.

விஷயம் ‘லாஸ்லெஸ்’ என்ற, தரம் இழக்காத சுருக்க முறையில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1728×972 என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 16.8 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 14 பிட், விநாடிக்கு 24 ஃபிரேம். பெருக்கினால் விநாடிக்கு 70 எம்.பி.யைத் தாண்டுகிறது. உங்கள் கேமரா எழுதக்கூடியது 40. ஆகவே சுருக்காமல் எழுதவே முடியாது. பகலில் ஓடுவது சுருக்கத்தின் தயவால்தான், அதுவும் விளிம்பில் நின்றுகொண்டு.

இந்தச் சுருக்கம் எப்படி நடக்கிறது? பக்கத்துப் பிக்சல்களை வைத்து அடுத்த பிக்சலின் மதிப்பை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. ஐ.எஸ்.ஓ 100-இல் வானத்தையோ சுண்ணாம்புச் சுவரையோ எடுத்தால் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் சிறிய எண். அதை எழுதச் சில பிட் போதும். ஐ.எஸ்.ஓ 6400-இல் அதே சுவரில் புள்ளிக்குப் புள்ளி இரைச்சல், அதாவது மணல் தூவியது போன்ற பொறிகள். ஒவ்வொரு ஊகமும் தவறுகிறது, வித்தியாசங்கள் பெரிதாகின்றன, ஃபிரேமின் அளவும் ஊதிவிடுகிறது. கேமராவின் நினைவகம் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். அது நிரம்பியதும் பதிவு நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் ‘சில விநாடிகள்’ அதுதான்.

ஆகவே இரைச்சலைக் குறைத்தால் வேகப் பிரச்சினையும் சேர்ந்தே குறையும். முதல் மருந்து லென்ஸ். 18–55-ஐ 55-க்கு இழுத்தால் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டு எஃப்/2-இல் வைத்தால் எட்டு மடங்கு ஒளி உள்ளே வரும். 6400 தேவைப்பட்ட இடத்தில் 800 போதும். கேனானின் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது; கல்யாண போட்டோகிராஃபர்கள் பெரும்பாலோர் பையில் இருக்கும், இரவல் கேட்டுப் பாருங்கள். 700டி-யில் 80 மி.மீ. போலத் தெரியும். மேடைக்கு முன் பாய் விரித்திருக்கும் கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நின்றால் ராஜபார்ட் இடுப்பு வரை நிறைவாக விழுவார்.

இரண்டாவது மருந்து உயரம். 1728×972-ஐ விட்டு 2.35:1 விகிதத்துக்கு மாறுங்கள், 1728×736 கிடைக்கும். கால் பங்கு சுமை உடனே இறங்கிவிடும். நாடக மேடை குறுக்கே அகலமானது. மேலே படுதாவும் கீழே பலகையும்தான் வெட்டுப்படும்.

மூன்றாவது, 14 பிட் லாஸ்லெஸுக்குப் பதில் 12 பிட் லாஸ்லெஸ். உயர்ந்த ஐ.எஸ்.ஓ-வில் அடியில் உள்ள இரண்டு பிட்டில் இருப்பது வெறும் இரைச்சல். அதை அவ்வளவு பாடுபட்டுக் கார்டில் ஏற்றுவது வீண். பதிவின்போது குளோபல் டிராவையும் அணைத்துவிடுங்கள். திரையில் வரையும் வேலை மிச்சமானால் எழுதும் வேகம் சற்றுக் கூடும்.

நிழல் பட்டைக்குக் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. 1/60 என்பது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் ஷட்டர். இங்கே 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளை வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். கேமரா மெனுவில் பி.ஏ.எல். தேர்ந்தெடுத்து 25 ஃபிரேமுக்கு மாறுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் ஊராமல் ஓரிடத்தில் நிற்கும். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் மட்டும் கவனம் வேண்டும். சுமை ஏறி இறங்கும்போது அதன் ஹெர்ட்ஸும் ஏறி இறங்கும், பட்டை திரும்பி வரலாம்.

உசிலம்பட்டி ஸ்டுடியோ

லென்ஸுக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. ராவில்தானே எடுக்கிறார்? கேமராவோடு வந்த கிட் லென்ஸிலேயே ஐ.எஸ்.ஓ-வை 800-இல் வைத்து, படம் இருட்டாக வந்தாலும் விட்டுவிட்டு, கணினியில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம். எண்கள் சிறியதாக இருப்பதால் சுருக்கமும் நன்றாக வரும்.

வைகை வடகரை

சுருக்கம் நன்றாக வரும் என்பது சரி, ஐயா. ஆனால் கேனானின் அந்தக் கால 18 மெகாபிக்சல் சென்சாருக்கு இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளாது. குறைந்த ஐ.எஸ்.ஓ-வில் எடுத்து மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால் நிழல் பகுதியில் கோடு கோடாக இரைச்சல் எழும். புள்ளி இரைச்சலையாவது கண் மன்னித்துவிடும், கோட்டை மன்னிக்காது. தம்பி கவலைப்படுவதே நீல வெல்வெட்டைப் பற்றித்தான். அந்தக் கோடுகள் நேராக அங்கேதான் வந்து உட்காரும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து ஏற்றுவதில் தவறில்லை, அரிதார நெற்றியும் காப்பாற்றப்படும். மூன்று ஸ்டாப் கூடாது. நெற்றியில் விழும் ஒளிக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்து, மற்றதை ராவிடம் விட்டுவிடுங்கள்.

மேலூர்ப் பக்கம்

அண்ணே, நண்பர் ஒருவரிடம் 50 மி.மீ. இரவல் வாங்கி, அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாடகம் எடுத்தேன். எஃப்/2, ஐ.எஸ்.ஓ 800, 1/50, 25 ஃபிரேம், 1728×736, 12 பிட் லாஸ்லெஸ். ராஜபார்ட்டின் முதல் பாட்டு ஆலாபனையிலிருந்து கைத்தட்டல் வரை அறுபடாமல் பதிவாகியிருக்கிறது. பட்டை துளியும் இல்லை. நெற்றியில் வியர்வை அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு இறங்குகிற தடம் தெரிகிறது. ஆர்மோனியக்காரர் விரல் மோதிரத்தின் கல் தெரிகிறது. எச்.264-இல் இதெல்லாம் தெரிந்ததே இல்லை.

மூன்று சந்தேகம் மிச்சம். ஒன்று, கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் படத்தின் நடுப்பகுதியில் சிறு சிறு இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. சென்சார் பழுதா? இரண்டு, ஸ்திரீபார்ட் (கதாநாயகி) சேலைச் சரிகையில் வானவில் நெளிகிறது. மூன்று, கார்டு வேகத்தைக் கூட்டும் மாட்யூல் ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதைப் போட்டால் 972 உயரத்துக்கே திரும்பிவிடலாமா?

திருநகர்

புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். 700டி சென்சாரில் ஆட்டோ ஃபோகஸுக்கென்று ஒதுக்கிய பிக்சல்கள் இருக்கின்றன. ராவில் அவை அப்படியே வெளியே தெரியும். மேஜிக் லேண்டர்னின் ரா கோப்புகளை (எம்.எல்.வி.) கையாளும் கணினி மென்பொருளான எம்.எல்.வி. ஆப்பில் கோப்பைத் திறந்து ஃபோகஸ் பிக்சல் திருத்தத்தை இயக்குங்கள். கேமராவுக்கும் வீடியோ அளவுக்கும் உரிய வரைபடம் கிடைத்துவிட்டால் புள்ளிகள் மறைந்துவிடும். அங்கிருந்தே புரோரெஸ் அல்லது சினிமா டி.என்.ஜி. என்ற கோப்பு வடிவத்தில் வெளியே எடுக்கலாம். மூல எம்.எல்.வி. கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வைகை வடகரை

சரிகை வானவில்லுக்கு முழுத் தீர்வு கிடையாது. 5184 பிக்சல் அகலச் சென்சாரை 1728-க்குக் கொண்டுவர, கேமரா வரிகளைத் தாவித் தாவிப் படிக்கிறது. மெல்லிய சரிகைக் கோடு அந்தத் தாவலுக்கு இடையில் மாட்டிக்கொள்கிறது. நெருக்கமான காட்சிகளுக்கு 5 மடங்கு பெரிதாக்கும் கிராப் முறைக்குப் போனால் தாவல் இல்லாமல் பிக்சலுக்குப் பிக்சல் படிக்கும், வானவில் மறையும். ஆனால் பார்வைக் கோணம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆர்மோனியக் கட்டையில் ஓடும் விரல், சலங்கை கட்டிய கால், இவற்றுக்கு அருமையாக இருக்கும். முழு மேடைக்கு ஆகாது. முழு மேடை எடுக்கையில் ஃபோகஸைச் சேலையில் வைக்காமல் கண்ணில் வையுங்கள்; ஓரளவு அடங்கும்.

வேகம் கூட்டும் மாட்யூலைப் பொறுத்தவரை, அது கார்டு இணைப்பைக் கேனான் வைத்த அளவுக்கு மேல் முடுக்கி ஓட்டுகிறது. நல்ல கார்டில் கணிசமாகக் கூடும் என்பது உண்மை. ஒத்துவராத கார்டில் கோப்பு சிதையும். வீட்டில் மாடியில் வைத்து மணிக்கணக்கில் சோதித்துப் பாருங்கள், தடையில்லை. எழுபது வயது நடிகர் ஒருமுறைதான் பாடப்போகிற இடத்தில் அதை நம்பிப் போகாதீர்கள். 736 உயரமே போதும். 1920-க்கு விரித்தாலும் நன்றாக இருக்கும்.

மேலூர்ப் பக்கம்

புரிந்தது அண்ணே. நாடகம் ஆறேழு மணி நேரம் நடக்கிறது. 64 ஜி.பி. கார்டு அரை மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது? ஒலிக்கு என்ன செய்யலாம்?

உசிலம்பட்டி ஸ்டுடியோ

முழு நாடகத்தையும் ராவில் எடுக்க நினைக்காதீர்கள். நாடகம் தொடங்குமுன் ஆர்மோனியக்காரரிடம் போய் உட்காருங்கள். இன்று எந்தப் பாட்டு, எந்தத் தர்க்கம், யார் எத்தனை மணிக்கு மேடை ஏறுவார் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தக் காட்சிகளுக்கு மட்டும் ரா. மீதிக்கு இன்னொரு சாதாரண கேமராவோ போனோ நிற்கட்டும். குறைந்தது மூன்று எல்பி-இ8 பேட்டரிகளாவது கைவசம் இருக்க வேண்டும். கார்டை மாற்றும்போது கவனம்: மேஜிக் லேண்டர்ன் கார்டிலிருந்துதான் ஓடுகிறது. இருக்கும் கார்டுகள் எல்லாவற்றிலும் அதை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். கார்டை அழிப்பதைக் கேமராவிலேயே செய்யுங்கள், மேஜிக் லேண்டர்னை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் தேர்வு அங்கே இருக்கிறது. கணினியில் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டுக் கார்டைத் திரும்பப் போட்டால் கேமரா உயிரே இல்லாததுபோல் கிடக்கும். பேட்டரியைக் கழற்றி, வேறு கார்டு போட்டால் எழுந்துவிடும். நள்ளிரவில் அந்தப் பதற்றம் வேண்டாம்.

ஒலியைத் தனி ரிக்கார்டரில் எடுங்கள். மைக் செட்காரரிடம் முன்னதாகவே பேசி, மிக்ஸரிலிருந்து ஓர் ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் சிரிப்புக்கும் கைத்தட்டலுக்கும் இன்னொரு மைக்கை மேடைக்கு எதிரே வையுங்கள். பபூன் வந்தால் பாதி நாடகம் கூட்டத்தில்தான் நடக்கும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் லென்ஸுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டிவிட்டால், பிறகு கணினியில் படத்தையும் ஒலியையும் சேர்ப்பது சுலபம்.