மறு: ‘டிஃப்ளெக்‌ஷன் ஷூட்டிங்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் கனடிய விமானி ஜார்ஜ் பர்லிங் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், ‘டிஃப்ளெக்‌ஷன் ஷூட்டிங்’ என்பதற்கு ஒரே ஒரு சொல்தான் கேட்டார். இழை இவ்வளவு நீளும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். விலகல் சுடல், முன்குறி, முந்திச் சுடுதல், ‘அப்படியே ஒலிபெயர்த்துவிடுங்கள்’ என நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. நான்கும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தே செய்யப்பட்டவை. வானத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோமே.

எதிரி விமானம் நம் பார்வைக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 133 மீட்டர். நமக்கும் அதற்கும் 230 மீட்டர் தூரம். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். அதற்குள் எதிரி 40 மீட்டர் நகர்ந்துவிடுவான். ஜெர்மானியப் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் நீளமே 9 மீட்டர்தான். ஆக, அவனைக் குறிபார்த்துச் சுட்டால் நான்கு விமான நீளம் பின்னால் வெற்று வானத்தில் குண்டு போகும். அவன் மேல் பட வேண்டுமானால், நாம் சுடவேண்டியது அவனுக்கு 40 மீட்டர் முன்னால் இருக்கும் வெற்று வானத்தை.

இது சுலபமான நிலைமை. உண்மையில் அவன் நேர்கோட்டில் போகமாட்டான். திரும்புவான், கவிழ்வான், பாய்வான். நாமும் திரும்பிக்கொண்டே இருப்போம். போதாக்குறைக்கு ஸ்பிட்ஃபயரின் மூக்கு நீளம். இறுக்கித் திரும்பியபடி எதிரிக்கு முன்னால் குறியைக் கொண்டுபோனால், பல நேரம் எதிரி அந்த மூக்குக்கு அடியில் மறைந்தே போய்விடுவான். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் இன்னும் கால் நொடியில் வந்து சேரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். அதனால்தான் பெரும்பாலான விமானிகளுக்குக் கிடைத்த அறிவுரை, எதிரியின் வாலுக்குப் பின்னால் நெருங்கிப் போய் நேராகச் சுடு என்பதே. பின்னாலிருந்து சுட்டால் இந்தக் கணக்கு ஏறக்குறைய வேண்டியதில்லை.

பர்லிங்குக்கு அந்தக் கணக்குதான் பிடித்திருந்தது. கனடாவில் மாண்ட்ரியலை ஒட்டிய வெர்டனில் 1921-ல் பிறந்தவர். கனடிய விமானப்படை சேர்த்துக்கொள்ளாததால் 1940-ல் சரக்குக் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்குப் போனார். பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குத் திரும்பி, சான்றிதழை எடுத்துக்கொண்டு மறுபடியும் கப்பலேறினார். நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்த கடலில்! 1942 ஜூன் மாதம் ஈகிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்பிட்ஃபயரைக் கிளப்பி, மத்தியதரைக் கடல் தீவான மால்டாவில் இறங்கினார். அக்டோபர் நடுவில் குதிகாலில் காயத்தோடு கடலில் விழும்வரை, அந்தச் சில மாதங்களில் அவர் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறியவை 27-ஐ ஒட்டிய விமானங்கள். போர் முழுவதற்கும் 31. ஜூலை 27 அன்று ஒரே நாளில் நான்கு. அதில் ஒன்றை ஓட்டியவர் இத்தாலியின் புகழ்பெற்ற விமானி ஃபுரியோ நிக்லோட் டோக்லியோ. அவர் அன்றோடு போனார்.

பர்லிங்கின் ‘எழுத்து’ எது என்ற கேள்வி இழையில் ஓரமாக வந்தது. எனக்கு அது ஓரக் கேள்வியாகத் தோன்றவில்லை. 1943-ல் லெஸ்லி ராபர்ட்ஸுடன் சேர்ந்து ‘மால்டா ஸ்பிட்ஃபயர்’ என்ற நூலை வெளியிட்டார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்த நூல். ஊரில் உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அதற்கு இருந்தது. அதில் எந்த வரி யாருடையது என்று பிரிப்பது வீண்வேலை. அவர் தன் கையால், தனக்காக எழுதியது ஒரு குறிப்பேடு. எந்தக் கோணத்தில், எந்தத் தூரத்தில், எதிரி என்ன வேகத்தில் போனால் எவ்வளவு முன்னால் சுடவேண்டும் என்ற கணக்குகள் அதில் இருந்தன. சண்டை முடிந்து இறங்கியதும் அன்றைய சூடு எப்படிப் போயிற்று என்று சரிபார்ப்பார். அவருடைய படைப்பிரிவுத் தலைவராக இருந்த லேடி லூகாஸ் இவருடைய கண்பார்வையையும் இந்தக் கணக்குப் பித்தையும் பிற்காலத்தில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். (‘லேடி’ என்பது ஆண்தான், செல்லப்பெயர். மொழிபெயர்க்கும் நண்பர் ‘சீமாட்டி லூகாஸ்’ என்று எழுதிவிட வேண்டாம்.)

மால்டாவின் கற்சுவர்ப் பல்லிகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகினார் என்பதும் எல்லாரும் சொல்லும் செய்தி. பல்லி எவ்வளவு தூரத்தில் இருந்தால், 250 கஜத்தில் தெரியும் எதிரி விமானத்தின் அளவாகத் தெரியும் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்கு அது வரும்வரை காத்திருந்து சுடுவாராம். நம் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது. இவர் கடைசியிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

இனி யோசனைகளுக்கு வருகிறேன்.

> டிஃப்ளெக்‌ஷனுக்கு இயற்பியலில் ‘விலகல்’ இருக்கிறது. ‘விலகல் சுடல்’ என்றால் முடிந்தது. புதுச்சொல் எதற்கு?

இயற்பியலில் கதிர் விலகுகிறது, முள் விலகுகிறது. இங்கே குண்டு எங்கும் விலகவில்லை. போட்ட கோட்டில்தான் போகிறது. விலகுவது துப்பாக்கியின் நோக்கு. அதையும் விட்டுவிடலாம், ‘பர்லிங் விலகிச் சுட்டார்’ என்று படிக்கும் வாசகருக்கு என்ன தோன்றும்? ஒதுங்கி நின்று சுட்டார் அல்லது குறி தவறினார். அவருடைய தனித்திறமைக்கு வைக்கும் பெயர், அவர் தவறவிட்டார் என்று பொருள் தரக்கூடாது அல்லவா? இன்னொன்று: பீரங்கிப் படையிலும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. அங்கே அது பீரங்கியைக் கிடைமட்டத்தில் திருப்பும் கோணம். இலக்கு அசையாமல் நின்றாலும் அந்தக் கோணம் இருக்கும். ‘விலகல் கோணம்’ அங்கே பொருந்தும், அங்கேயே இருக்கட்டும்.

> முன்குறி – சுருக்கமாக, அழகாக இருக்கிறதே.

அழகுதான். ஆனால் ‘முன்குறி’ என்றதும் நிமித்தம், சகுனம் நினைவுக்கு வருகிறது. கிறித்தவத் தமிழில் ‘முன்குறித்தல்’ என்பது கடவுள் முன்கூட்டியே விதித்தல். இறையியலில் வேரூன்றிய சொல். பர்லிங் பிளிமத் பிரதரன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தவர் வேறு. ‘முன்குறித்துச் சுட்டார்’ என்று எழுதினால் அந்த வாசகர்கள் நாம் நினைக்காத ஒரு முழு வாதத்தை அதில் படித்துவிடுவார்கள்.

> முந்திச் சுடுதல்?

எதிரி சுடுவதற்கு முன் சுடுவது. கௌபாய்க் கதைக்கு வைத்துக்கொள்வோம்.

> விமானப்படைக்காரர்கள் டிஃப்ளெக்‌ஷன் என்றுதான் சொல்கிறார்கள். விளையாடும் பிள்ளைகள் ‘லீட் குடுத்து அடி’ என்கிறார்கள். யார் நம் சொல்லைப் பயன்படுத்தப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சொல்வதைக் கவனியுங்கள். அவர்கள் பெயர்ச்சொல்லைத் தேடி நிற்கவில்லை; ‘குடுத்து அடி’ என்று வினையாக்கிவிட்டார்கள். நமக்கும் முதலில் வேண்டியது வினைதான். அது அமைந்தால் பெயர் தானே வரும். பெயரை மட்டும் செய்து வைத்தால் கட்டுரையில் ஒவ்வொரு முறையும் ‘செய்தார்’, ‘மேற்கொண்டார்’ என்று முட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

என் பரிந்துரை: குறியை முன்தள்ளு.

‘பர்லிங் குறியை முன்தள்ளிச் சுட்டார்.’ ‘நான்கு விமான நீளம் முன்தள்ளியும் குண்டு வாலில்தான் பட்டது.’ ‘பின்னாலிருந்து நெருங்கினால் முன்தள்ள வேண்டியதில்லை.’ முன்விளக்கம் இல்லாமலே இந்த மூன்று வாக்கியமும் புரிகின்றன என்று நினைக்கிறேன். பெயர் வேண்டுமானால் ‘முன்தள்ளல்’. அளவு சொல்ல ‘முன்தள்ளு கோணம்’, ‘முன்தள்ளு தூரம்’. முழுச்சொல்லுக்கு முன்தள்ளுச் சூடு. பின்னாலிருந்து நேராகச் சுடுவது நேர்ச்சூடு. ‘சுடல்’ என்பதைத் தவிர்க்கிறேன். துப்பாக்கிச்சூடு என்று நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிப் பழக்கிவிட்டன, ‘சுடல்’ என்றால் பலருக்குச் சுடலை நினைவுதான் வருகிறது.

தனிமடலில் ஒருவர் இரண்டு தடை எழுப்பியிருந்தார். பொதுவில் பதில் சொல்வது நல்லது.

முதலாவது, ‘முன்’ என்றால் யாருக்கு முன்? சுடுபவருக்கு முன்னா, இலக்குக்கு முன்னா? நல்ல கேள்வி. ஆனால் சுடுபவருக்கு எல்லாமே முன்னால்தான் இருக்கிறது. அவருடைய துப்பாக்கிகள் இறக்கையில் முன்னோக்கியே பொருத்தப்பட்டவை. அந்தப் பொருளில் ‘முன்தள்ளு’ என்று யாரும் சொல்லத் தேவையே வராது. எதிரி போகும் திசைதான் முன். இதில் ஒரு வசதியும் உண்டு: எதிரி செங்குத்தாகப் பாய்ந்தால் அவனுக்கு முன் என்பது கீழே, ஏறினால் மேலே. ‘பக்கம்’, ‘விலகல்’ போன்ற சொற்கள் இந்த இடத்தில் திணறும். கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் ‘இலக்குக்கு முன்னால் குறியைத் தள்ளி’ என்று எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது, ராக்கெட் போன்றவற்றில் முன்னோக்கித் தள்ளும் விசையோடு குழம்பாதா? அதற்கு ‘உந்து’ இருக்கிறது: உந்துவிசை, உந்துகலம். ‘தள்ளு’ அங்கே நுழையவில்லை.

சொல் கொஞ்சம் பேச்சுவழக்காக இருக்கிறது, கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லை என்ற முணுமுணுப்பு வரும் என்று தெரியும். வரட்டும். இது படைவீரர்கள் திடலில் கத்திச் சொன்ன சங்கதி. சார்ஜென்டாகவே இருந்துகொள்கிறேன், அதிகாரிப் பதவி வேண்டாம் என்று முரண்டுபிடித்த ஆளின் கலை இது. கம்பீரம் கொஞ்சம் குறைந்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில், பர்லிங்கைச் சுடும் பயிற்சி அளிக்கும் வேலைக்கு மாற்றியதும், அவர் மனம் அதில் ஒட்டாததும் வரும். அதே காலகட்டத்தில்தான் பிரிட்டனில் சுழல்காட்டி (கைரோஸ்கோப்) வைத்த குறிநோக்கி வந்தது. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை விமானி அதில் பொருத்துவார். தூரத்துக்கேற்ப ஒரு பிடியைத் திருகுவார். எதிரியைத் தொடர்ந்து விமானம் திரும்பும் வேகத்தைச் சுழல்காட்டி உணர்ந்து, குறியை எவ்வளவு தள்ள வேண்டுமோ அவ்வளவு தானே தள்ளிக் காட்டும். பர்லிங் குறிப்பேட்டில் எழுதிவைத்ததைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். ‘முன்தள்ளு’ என்ற வினையை ஏற்றால் இதற்குத் ‘தானே முன்தள்ளும் குறிநோக்கி’ என்று எழுதலாம். ‘விலகல்’ என்று போனால் இந்தப் பத்தியில் ‘தானியங்கி விலகல் கணிப்புக் குறிநோக்கி’ என்று ஏதாவது எழுதி மூச்சுவாங்க வேண்டியிருக்கும்.

நண்பரின் வரைவில் ஒரு திருத்தம்: பர்லிங் இறந்தது போரில் அல்ல. 1948 மே 20 அன்று ரோமில், இஸ்ரேலுக்குக் கொண்டுபோக இருந்த நார்ஸ்மன் விமானம் இறங்கும்போது விபத்தில் இறந்தார். வயது 26. ‘போரில் வீரமரணம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

தீராமல் இருப்பது ஒன்று: எதிரி போகும் திசைக்கும் நாம் பார்க்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணம். நேர் பின்னாலிருந்து பார்த்தால் சுழி, பக்கவாட்டில் 90. முன்தள்ளும் அளவை முடிவுசெய்வதே இந்தக் கோணம்தான் என்பதால் இரண்டுக்கும் வேறுவேறு சொல் கட்டாயம் வேண்டும். ‘குறுக்குக்கோணம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை. வடிவியல் கற்பிப்பவர்கள் இழையில் இருக்கிறீர்கள். உங்கள் யோசனை வந்த பிறகு பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். முன்தள்ளுச் சூட்டுக்கு மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள்.