ஒளி சிகிச்சைக்குப் பிறகும் கண்ணில் மறுபடி கசிவு: இரண்டாம் முறை செய்தவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு வயது 67. வலது கண்ணில் பாலிபாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி. விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் மொட்டு மொட்டாகப் புடைத்துக் கசியும் நோய். 2021-இல் ஒளி பட்டால் வேலை செய்யும் வெர்டிபோர்ஃபின் மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, கண்ணில் 83 விநாடி லேசர் ஒளி பாய்ச்சினார்கள். கூடவே கண்ணுக்குள் மூன்று ஊசி. அப்புறம் ஐந்து நாள் அம்மா மேல் வெயில் படாமல் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தோம். மொட்டுகள் மறைந்தன, மூன்று வருடம் நிம்மதி.

இப்போது ஐந்து மாதமாகக் கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறது என்கிறார். படிக்கும்போது வார்த்தையின் நடு எழுத்து மட்டும் மங்குகிறதாம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் மறுபடி நீர். கசிவை அடக்கும் அஃப்லிபெர்செப்ட் ஊசியை மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் நான்கு முறை போட்டும் வற்றவில்லை. திரும்ப ஒளி சிகிச்சை செய்யலாம் என்கிறார் டாக்டர். விழித்திரைக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டு மெலிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

இரண்டாம் முறை செய்துகொண்டவர்களுக்கு, சில வருடம் கழித்துப் பார்வை எப்படி இருக்கிறது?