மீட்டர் கேபிள் அறுந்தால் கேபிளை மட்டும் மாற்றாதீர்கள்

சுங்கை சிப்புட், ஸ்பிட்ஃபயர்க்காரர்

என்னிடம் இருப்பது 1972 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார், மார்க் 4. ஈப்போவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்தே வேகம் காட்டும் மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்காது. 40 மைல் வேகத்தில் போனால் 30-க்கும் 50-க்கும் நடுவே அலையும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். போன மாதம் லிந்தாங் சாலையில் ஒரு செம்பனை லோரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது டாஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம். அப்புறம் ஒரே ஒரு 'டக்'. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பட்டறை அங்கிள் முன்பு தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "மைல் ஓடுதா?" என்றுதான் கேட்டார். முள்ளுக்கும் மைல் எண்களுக்கும் ஒரே கேபிள். இரண்டும் நின்றால் கேபிளையோ கியர் பாக்ஸ் பக்கத்தையோ பார்க்க வேண்டும். மைல் ஓடி முள் மட்டும் செத்திருந்தால் கேபிள்மேல் குற்றமில்லை, கோளாறு மீட்டருக்குள். எனக்கு இரண்டும் நின்றிருந்தன.

மீட்டருக்குப் பின்னால் கை விட்டு, விளிம்பில் வரி போட்ட நட்டைக் கழற்றி, கேபிள் உறைக்குள் சுழலும் கம்பியை உருவினோம். கையோடு வந்தது மேல் துண்டு. கீழ் முனைக்குச் சற்று மேலே முறுக்கி அறுந்திருந்தது. புதுக் கேபிள் வாங்கிப் போட்டுவிடலாமா என்றேன். "கேபிள் சும்மா அறாது தம்பி. யாரோ அதைப் பிடிச்சு வச்சிருக்கான். அவன் யாருன்னு முதல்ல பாரு" என்றார்.

அவர் சொன்ன கணக்கு நேரானது. சுழற்சி கீழே கியர் பாக்ஸிலிருந்து மேலே மீட்டருக்குப் போகிறது. ஆகவே அறுந்த இடத்துக்கு மேலேதான் எங்கோ இறுக்கம் இருக்கும். ஒன்று உறைக்குள் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது உறை எங்கேயாவது மடங்கியிருக்கும், இல்லாவிட்டால் மீட்டரின் தண்டே இறுகியிருக்கும். முள் அலைந்ததற்கும் காரணம் இதுதான். காய்ந்த உறைக்குள் கம்பி சிக்கி, முறுக்கேறி, திடீரென்று விடுபடும். விடுபடும்போது முள் எகிறும்.

அறுந்த துண்டின் சதுர முனையை மீட்டரில் செருகி விரலால் திருப்பச் சொன்னார். லேசாகச் சுற்ற வேண்டியது, கடினமாக இருந்தது. உள்ளேயிருந்த பழைய எண்ணெய் காய்ந்த கித்தாப் பால் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மீட்டரை ஈப்போவில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். போகும்போது கைப்பேசி ஜிபிஎஸ்தான் எனக்கு மீட்டர்.

இந்த வண்டியில் ஒரு சௌகரியம், கேபிளின் கீழ் முனையை எட்ட, கியர் பாக்ஸை மூடியிருக்கும் மேல்மூடியைக் காருக்கு உள்ளேயிருந்தே கழற்றலாம். கம்பளம், டாஷ்போர்டைத் தாங்கும் சட்டம், சுற்றி வரும் போல்ட்டுகள் எல்லாம் எடுக்க வேண்டும்தான். ஆனால் மழைக்காலத்தில் சேற்றில் மல்லாந்து படுப்பதற்கு இது தேவலை.

போடும்போது அங்கிள் கண்டிப்பாகச் சொன்னவை: கம்பிக்கு மெல்லிய கிரீஸ் பூசு, மீட்டர் பக்கம் 20 சென்டிமீட்டரை மட்டும் துடைத்து உலர்வாக விடு, இல்லாவிட்டால் கிரீஸ் ஏறி மீட்டரைக் கெடுக்கும். வளைவு எதுவும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது. நட்டை விரலால் இறுக்கினால் போதும், பிளையர் எடுக்காதே. மேலே கம்பி ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது முள் அசையாமல் நிற்கிறது.

கோல கங்சார், டிரையம்ஃப் டிஆர் 6 கார்க்காரர்

அண்ணே, உங்கள் அங்கிள் சொன்னது சத்தியம். எனக்கு நேர்ந்தது இதன் இன்னொரு பக்கம். மீட்டர் இறுகியது, கேபிள் வலுவாக இருந்தது, கியர் பாக்ஸில் கேபிளைத் திருப்பிவிடும் அந்தக் கோண இணைப்பு உடைந்தது. அதன் விலையைப் பார்த்தபோது கேபிளே அறுந்திருக்கலாம் என்று தோன்றியது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன், தபால் செலவு தனி வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. கேபிளைக் கழற்றும்போது கியர் எண்ணெய் வாசனை வந்தால் கீழே பினியன் சீல் (கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தின் எண்ணெய் அடைப்பு) போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் சுற்றியிருக்கும் புரி எண்ணெயை மேலே ஏற்றிவிடும். மீட்டர் கண்ணாடிக்குள் எண்ணெய்ப் படலம் பார்த்திருக்கிறேன்.

ஈப்போ, இயற்பியல் ஆசிரியை

கேபிள் முள்ளைத் தொடுவதே இல்லை என்று சொன்னால் என் படிவம் 5 பிள்ளைகள் நம்புவதில்லை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. பக்கத்தில் ஒட்டாமல் ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்ற அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தை இழுக்கும், ஒரு மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கும். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை.

இந்த வண்டிகளில் வரும் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர் முகப்பில் சின்னதாக ஓர் எண் இருக்கும், பாருங்கள். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அது. 1000 என்றிருந்தால் 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 1000 சுற்று. வேறு வண்டி மீட்டரைத் தூக்கி வைத்தால் இந்த எண் பொருந்தாது, முள் பொய் சொல்லும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் என்பது உங்கள் டயலில் 68 மைல், அதையும் கவனத்தில் வையுங்கள்.

லிந்தாங் பக்கம், தோட்டத்துப் பிள்ளை

எங்கள் அப்பா தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டினார். செம்மண் பாதையில் வேகத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் மீட்டர் கேபிள் அறுந்தால் ஆபீஸ் கிராணிதான் முதலில் கத்துவார். மைல் எழுதாமல் பெட்ரோல் கணக்கு நேராகாது. அதனால் அப்பா கம்பியை அவ்வப்போது உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவிப் போடுவார். ஓடையில் இறங்கி ஏறிய வண்டியென்றால் அன்றைக்கே.

தம்பி, ஒரு சந்தேகம். உறை நன்றாக இருந்தால் உள் கம்பியை மட்டும் மாற்ற முடியாதா?

சுங்கை சிப்புட், ஸ்பிட்ஃபயர்க்காரர்

முடியும் அக்கா, நீளமும் சதுர முனையின் அளவும் ஒத்துப்போனால். பழையதைக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்து அளந்து பார்த்துக் காசு கொடுங்கள். ஆனால் என்னுடைய உறை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடு) ரப்பருக்குப் பக்கத்தில் மடங்கி நசுங்கியிருந்தது, அதனால் முழுசாக மாற்றினேன். உங்கள் வண்டியைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு தவிர எந்த நாளும் அங்கிள் பட்டறையில் இருப்பார்.