லாங் டபுள்: வன்பொருள் மாறினால் விடை மாறுவது கம்பைலர் பிழையா?

கேள்வி:
எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) லினக்ஸில், சி மொழியில் பின்ன எண்களுக்கான லாங் டபுள் வகையில் 1-உடன் 2-இன் அடுக்கு −63-ஐக் கூட்டினால் விடை 1-ஐ விடப் பெரிதாக வருகிறது. ஏஆர்எம் செயலியுள்ள மேக்கில் அதே நிரல் விடை 1 மட்டுமே என்கிறது. இதைக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பிழையாகப் புகாரளிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், நண்பரே. லாங் டபுளின் துல்லியம் டபுளுக்கு (பின்ன எண்களுக்கான வழக்கமான வகை) குறையக் கூடாது என்பதோடு சி மொழித் தரம் நின்றுவிடுகிறது. எக்ஸ்86 லினக்ஸில் 64 பிட் துல்லியம் கிடைக்கிறது. ஆப்பிளின் ஏஆர்எம் கணினிகளில் அது வெறும் டபுள்தான், 53 பிட். 64 பிட் ஏஆர்எம் லினக்ஸில் 113 பிட் உண்டு, ஆனால் கணக்கீடு மென்பொருள் வழியாக நடப்பதால் மிகவும் மெதுவானது.

பதில் 2:
உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய 32 பிட் எக்ஸ்87 (எக்ஸ்86 செயலிகளின் பழைய பின்ன எண் கணக்கீட்டுப் பகுதி) கணக்கீட்டில், டபுள் மதிப்பு செயலிக்குள் உள்ள 80 பிட் ரெஜிஸ்டரில் இருக்கும்வரை கூடுதல் துல்லியத்தோடு இருந்து, நினைவகத்துக்குப் போகும்போது மட்டும் சுருங்குவதால், சற்றுமுன் சமமாக இருந்த இரு எண்கள் அடுத்த வரியில் சமமற்றுப் போகலாம். ஜிசிசி கம்பைலரின் 323-ஆம் எண் பிழைப் புகார் இதைப் பற்றியதே. எக்ஸ்87-க்குப் பதில் செயலியின் புதிய எஸ்எஸ்இ2 கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லித் தொகுப்பதே நான் நம்பும் தீர்வு.

பதில் 3:
எக்ஸ்86-64 லினக்ஸில் லாங் டபுளின் 16 பைட்டுகளில் 10 மட்டுமே மதிப்பைத் தாங்குகின்றன. மீதி 6-இல் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப் கொண்டு ஒப்பிட்டுவிட்டுக் கம்பைலரைக் குறை சொல்லாதீர்கள்.