கொழும்பிலிருந்து சினிமா கற்க எங்கே விண்ணப்பிப்பது?

காலி வீதிக்காரன்:
பகலில் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவல் கமராவில் இரண்டு குறும்படங்கள் எடுத்துவிட்டேன். இரண்டிலும் அம்மாதான் கதாநாயகி. சென்ற வருடம் இங்கே ஒரு பட்டறைக்குக் காசு கட்டினேன். மூன்று நாளும் லென்ஸ் விற்கிற பேச்சு, கடைசியில் ஒரு சான்றிதழ். அதை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இனி எங்கே விண்ணப்பிக்கலாம்?

கடற்கரை ரயில்:
உங்களுக்குத் தென்கொரியாவின் பூசான் நகரம்தான் பொருத்தம். அங்கே ஆசியத் திரைப்பட அக்கடமி 2005இல் தொடங்கியது. ஆசிய நாடுகளிலிருந்து 24 பேரைத் தெரிவுசெய்து, குழுவாகக் குறும்படம் எடுக்க வைக்கிறார்கள். கை அழுக்காகும் படிப்பு. பெர்லின் திரைப்பட விழாவோடு நடக்கும் பெர்லினாலே டலண்ட்ஸ் பயிற்சி வேறு வகை: ஏறத்தாழ 200 பேர், பெப்ரவரிக் குளிர், பேச்சும் சந்திப்பும் அதிகம். கூச்ச சுபாவம் என்றால் யோசியுங்கள்.

நுளம்புவலை:
நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழா தரும் ஹியூபர்ட் பால்ஸ் நிதி முழுநீளப் படங்களுக்கானது. குறும்படத்துக்குக் கேட்டு நான் மூக்குடைபட்டது போதும். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறதே! இரவு பஸ் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். முதலில் அங்கே அனுப்புங்கள்.

காலி வீதிக்காரன்:
நன்றி. அம்மாவிடம் பூசான் என்றேன். "அங்கே சோறு கிடைக்குமா?" என்கிறார்.