ராத்திரி 11-லேருந்து காலை 5 வரை: ஆறு லட்சத்துல ஒரு காதல் படம், எங்க தப்பு பண்றேன்?

கடைசிவண்டி:
வணக்கம். எட்டு வருஷமா உதவி இயக்குநர். மூணு படம் வேலை பார்த்ததுல ஒண்ணுதான் தியேட்டரைப் பார்த்துச்சு. இப்ப சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கிறேன். சீட்டு எடுத்த நாலு லட்சம், மச்சான் கொடுத்த ரெண்டு, மொத்தம் ஆறு. நடிக்க ரெண்டே பேர், ரெண்டு பேருமே மேடை நாடகக்காரங்க. கேமரா என் ரூம்மேட்.

கதை இதுதான். அவன் கோயம்பேட்டுல தூத்துக்குடி பஸ்ஸை விட்டுட்டு சென்ட்ரலுக்கு வர்றான். அவ கடைசி மெட்ரோவை விட்டுட்டா. மெட்ரோ ராத்திரி 11-க்கு நின்னா காலையில 5-க்குத்தான் ஓடும். நடுவுல இருக்கிற ஆறு மணி நேரம்தான் படம். பேசிக்கிட்டே ஊரைச் சுத்துறாங்க. பாரிஸ் கார்னர், மெரினா, கோயம்பேடு பூ மார்க்கெட்டுன்னு 14 லொகேஷன், 9 நைட். விடியற வெளிச்சத்துல முதல் மெட்ரோ வருது, பிரியிறாங்க.

வியன்னாவுல ரெண்டு பேர் ராத்திரி பூரா பேசிக்கிட்டே சுத்துற 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தோட காப்பிதானேன்னு முதல் பதிலே போட்டுடாதீங்க. அதை இருபது தடவையாவது பார்த்திருக்கேன், எனக்கே தெரியும்.

பிரச்சினை என்னன்னா, போன வாரம் ரெண்டு ராத்திரி மொபைல்லயே டெஸ்ட் ஷூட் பண்ணோம். பேசினது பாதி கேக்கல. கேட்டதும் போர். ரெண்டு பேர் நடக்கிறாங்க, நடக்கிறாங்க, நடந்துக்கிட்டே இருக்காங்க. எடுத்த எனக்கே கொட்டாவி. பணம் பத்தலையா, இடம் சரியில்லையா, எழுத்தே தப்பா? ஒளிக்காம சொல்லுங்க.

பூம்கை:
தம்பி, நான் சவுண்ட் ஆளு. இருபது தடவை பார்த்தேங்கிறீங்க, இன்னொரு தடவை படத்தைப் பார்க்காம அவங்க காலை மட்டும் பாருங்க. முக்கியமா பேசுற இடத்துல பெரும்பாலும் உக்காந்திருப்பாங்க. ரயில்ல உக்காந்து, டிராம்ல உக்காந்து, காபிக்கடையில எதிரும் புதிருமா உக்காந்து போன் பேசுற மாதிரி விளையாடி, கடைசியில புல்தரையில. ரெக்கார்டு கடையில பாட்டு கேக்கிற பூத்துக்குள்ள மட்டும் நிப்பாங்க, அங்க பேச்சே கிடையாது. பாட்டு ஓடுது, இவன் பார்க்கும்போது அவ பார்க்கல, அவ பார்க்கும்போது இவன் பார்க்கல. அம்புட்டுதான் சீன். நடக்கிறதும் இருக்கு, ஆனா உங்க மனசுல மொத்தமும் நடையா பதிஞ்சுபோச்சு.

அப்புறம் அது 'சின்ன பட்ஜெட்'னாலும் 25 லட்சம் டாலர், அதுவும் 1995-ல வந்த படத்துக்கு. உங்க ஆறு லட்சத்துக்கு அவங்க பேட்டா கூட வராது. அதனால அவங்களை மாதிரி ஊர் சுத்தாதீங்க.

ராத்திரி ஒரு மணிக்கு ரோடு அமைதியா இருக்கும்னு நினைச்சுத்தானே போனீங்க? பகல்ல இரைச்சல் ஒரே மாதிரி இருக்கும், காது பழகிடும். ராத்திரியில ஒரு லாரி வந்தா அது ஒண்ணுதான் கேக்கும், அதுவும் டயலாக்கோட நடு வார்த்தையில வரும். நாய் அதுக்கும் மேல. உங்க ஆளுங்களை உக்கார வச்சா பூமை, அதான் கம்புல கட்டின மைக்கை, ஒரு அடி பக்கத்துல கொண்டுபோகலாம். சட்டையில குத்துற லேப்பல் மைக்கும் போடுங்க, ஆனா பொண்ணு துப்பட்டா அதுல உரசாம பார்த்துக்கங்க. ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிஷம் சும்மா ஆம்பியன்ஸ், அதான் அந்த இடத்தோட சத்தம் மட்டும், எடுத்துட்டுத்தான் பேக்கப் சொல்லணும். ஷூட்டிங்ல அடையாளத்துக்கு எடுக்கிற பைலட் சவுண்ட் போதும், பின்னாடி டப்பிங்ல பார்த்துக்கலாம்னு மட்டும் இறங்காதீங்க. ரெண்டு பேர் ஒருத்தர் பேச்சுக்குள்ள ஒருத்தர் நுழைஞ்சு பேசுற படம் இது. மைக் முன்னாடி தனித்தனியா நின்னு பேசினா செத்துடும்.

மழைக்காலம்:
'96' மாதிரியா ப்ரோ? அதுவும் ஒரு ராத்திரி சென்னைதானே.

கடைசிவண்டி:
இல்ல ப்ரோ. அங்க ராமுக்கும் ஜானுவுக்கும் பள்ளிக்கூடத்துலேருந்து கணக்கு பாக்கி இருக்கு. ராத்திரி பூரா அதைப் பேசித் தீர்க்கலாம். என் ஆளுங்களுக்குத் தீர்க்க ஒண்ணுமே இல்ல. அதுதான் உதைக்குது.

ஊரப்பாக்கம் ஆளு:
ஒரு சந்தேகம். தூத்துக்குடி பஸ்ஸை கோயம்பேட்டுல எப்படி விடுவான்? தெக்க போற அரசு பஸ் இப்ப கிளாம்பாக்கத்துலேருந்துல்ல போகுது. அங்கேருந்து சென்ட்ரல் முப்பது கிலோமீட்டருக்கு மேல. அந்த ராத்திரியில அங்க எதுக்கு வர்றான்?

கடைசிவண்டி:
அய்யோ. இந்த சீனை எழுதுனது 2022. அப்படியே வச்சிருக்கேன். மானம் போச்சு.

ஐஎஸ்ஓ 3200:
கேமரா பக்கம் ரெண்டு விஷயம். கடை போர்டு, தெரு விளக்கு எல்லாம் இப்ப எல்.இ.டி. மலிவு போர்டுன்னா திரையில பட்டை பட்டையா ஓடும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டர் வேகத்தை 1/50 செகண்டுலயே வைங்க, முக்கால்வாசி அடங்கிடும். மீதிக்குக் கடைக்காரர்கிட்ட சொல்லி அந்த போர்டை அணைக்கச் சொல்லுங்க, ரெண்டு டீ சேர்த்து வாங்கினா அணைப்பார்.

பெருசு இது. முதல் மெட்ரோ 5 மணி. ஜூன்ல கூட சென்னையில சூரியன் வர்றது ஐந்தே முக்கால் வாக்கில, டிசம்பர்னா ஆறேகாலுக்கும் மேல. அப்ப உங்க 'விடியற வெளிச்சத்துல பிரியிறாங்க' எந்த ஊர்ல நடக்குது? வியன்னாவுல ஜூன் மாசம் 5 மணிக்கு விடிஞ்சிடும், இங்க கும்மிருட்டு. அந்த ஊர்ல சூரியன் வர்றதுக்கு முந்தின நீல வெளிச்சம் முக்கால் மணி நேரம் நிக்கும், இங்க இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான். அதை நம்பி கிளைமாக்ஸ் வச்சா தினம் ஒரு ஷாட்டுதான் தேறும். இருட்டுலயே பிரிச்சு விடுங்க. செலவும் மிச்சம், எனக்கு அதுதான் அழகாவும் படுது.

நைட்ஷிப்ட்:
சினிமா ஆள் இல்ல, பார்க்கிற ஆள். ஓ.எம்.ஆர்.ல ஆறு வருஷம் ராத்திரி வேலை பார்த்தேன். அண்ணா, உங்க கதையில அவ ராத்திரி ஆறு மணி நேரம் தெரியாத ஒருத்தனோட நடக்கிறா. பாத்ரூம் எங்க போவா? போன்ல எத்தனை சதவீதம் சார்ஜ்? லொகேஷனை யாருக்கு அனுப்பிட்டு நடக்கிறா? அம்மா எத்தனை தடவை போன் பண்ணுவாங்க, 'ஃப்ரெண்டு வீட்ல இருக்கேன்'னு எத்தனை தடவை பொய் சொல்லுவா? இது எதுவும் இல்லாம அவ மெரினாவுக்குப் போனா, எழுதினது ஆம்பளைன்னு பத்தாவது நிமிஷமே தெரிஞ்சிடும். ராத்திரி மணல்ல உக்கார போலீஸ் விடாதுங்கிறது வேற.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். சோழிங்கநல்லூர் பக்கம் ராத்திரி ரெண்டரைக்கு கேப் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். டிரைவர் ஆள் தேடிப் போயிட்டார். சைக்கிள் டீக்காரர் ஒருத்தர், டீ குடிச்சுக்கிட்டு ஒருத்தர், நான். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசல. இருட்டுல நின்னவர் நாலடி தள்ளிப் போய் விளக்குக்கு நேர் கீழ நின்னார். சட்டைப் பாக்கெட்டுல சொருகியிருந்த ஐ.டி. கார்டை எடுத்து வெளிய தொங்கவிட்டார். எனக்கு மூஞ்சியும் தெரியட்டும், பேரும் தெரியட்டும்னுதான் பண்ணார்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சது. அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க? எங்க தெருவுல தண்ணி லாரி வர்ற நேரம், அவர் தெருவுல வர்ற நேரம். என் கேப் கிளம்பினப்ப அவர் ரெண்டாவது டீ வாங்கிட்டிருந்தார். காதல் கீதல்லாம் இல்ல. ஆனா அந்த வாரம் முழுக்க அந்த இடம் வந்தா கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன்.

பூம்கை:
தம்பி, உங்க படத்துக்கு முதல் சீன் கிடைச்சுது. அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க.

நைட்ஷிப்ட்:
தாராளமா எடுங்க. தண்ணி லாரியை மட்டும் வெட்டாதீங்க.

கடைசிவண்டி:
ரெண்டு நாளா இதே யோசனை. பஸ்ஸைத் தூக்கிட்டேன். அவன் அப்பாவை ஜி.ஹெச்.ல சேர்த்திருக்கான், ராத்திரி வார்டுக்குள்ள விடல, வெளிய டீக்கடையில உக்காந்திருக்கான். ஜி.ஹெச்.சுக்கு எதிர்லதான் சென்ட்ரல், அவ மெட்ரோவை விட்டது அங்க. ரெண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகர முடியாததுக்குக் காரணம் வந்துடுச்சு. அவ பாத்ரூமுக்கு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றா. திரும்பி வருவாளான்னு அவனுக்குத் தெரியாது, அவ பை மட்டும் அவன் பக்கத்துல. இதை ஒரு சீனாவே எழுதிட்டேன், வசனமே இல்ல.

14 லொகேஷன் நாலு ஆச்சு, 9 நைட் அஞ்சு ஆச்சு. ஸ்டேஷனுக்குள்ள கேமரா போகாது, ரயில்வே பர்மிஷனுக்கு என்கிட்ட காசு இல்ல. அவ உள்ள போறதும் வர்றதும் வாசல்லேருந்து மட்டும். ரோட்டுக்கு போலீஸ் பர்மிஷன் கேட்டு மனு எழுதிட்டேன், திங்கக்கிழமை கொடுக்கணும்.

நேத்து ராத்திரி நானும் ரூம்மேட்டும் போய் ஒரு டீக்கடையில மூணு மணி வரைக்கும் உக்காந்து பார்த்தோம். கடைக்காரர் போர்டை அணைக்க ஒத்துக்கிட்டார். ஆனா ரெண்டரைக்கெல்லாம் பால் தீர்ந்துடுமாம், அதுக்கப்புறம் கட்டஞ்சாயாதான். பூம்கை அண்ணே, பாய்லர் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் விட்டுக்கிட்டே இருக்கு. அதை நிறுத்தச் சொல்லவா, விட்டுடவா?