டபுள்ஸ் நெடும்பயணத்துக்கு எந்த அட்வெஞ்சர் வண்டி? பட்ஜெட் 6 லட்சம்

சேலத்துச் சக்கரம்

வணக்கம். எனக்கு வயது 44, வீட்டம்மாவுக்கு 41. 2014-இல் வாங்கிய கிளாசிக் 350 இன்னும் ஓடுகிறது, அதன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பையன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து சனி ஞாயிறு வந்தால் இருவரும் கிளம்பிவிடுகிறோம். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, ஒருமுறை மூணாறு வரை போய் வந்தோம். அடுத்த ஜூன் கடைசியில் லடாக் போயே ஆகணும் என்று ஆரம்பித்தது அவள்தான், நான் இல்லை. அதனால் வண்டி மாற்றும் பேச்சு வந்திருக்கிறது.

என் எடை 84 கிலோ, அவள் 68. என் உயரம் 5 அடி 7 அங்குலம். அவளுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காட்டில் மேட்டில் எல்லாம் ஏற்றி இறக்கும் ஆசை கிடையாது, மோசமான ரோட்டில் தைரியமாகப் போனால் போதும். பார்த்து வைத்திருப்பவை ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வெஞ்சர், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஹோண்டா என்எக்ஸ்500. யூடியூபில் பார்த்த வீடியோக்களில் எல்லாரும் தனி ஆளாக மண்ணில் சறுக்கிக் காட்டுகிறார்களே தவிர, பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. டபுள்ஸ் போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

சிசி, பவர் எல்லாம் அப்புறம். முதலில் எடைக் கணக்கு போடுங்கள். 84-ம் 68-ம் சேர்ந்தால் 152. ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் ஆளுக்கு எட்டு ஒன்பது கிலோ வரும், போட்டுக்கொண்டு எடை மிஷினில் ஏறிப் பாருங்கள், நம்பவே மாட்டீர்கள். ஆக 169. அலுமினியப் பெட்டி இரண்டும் அதைத் தாங்கும் ரேக்கும் காலியாகவே 15 கிலோவைத் தொடும். அதற்குள் துணிமணி, டூல்ஸ், பம்ப், மழைக்கோட்டு என்று இன்னொரு 15. மொத்தம் 199. இப்போது வண்டியின் மேனுவலில் மொத்த அனுமதி எடை என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்துப் பாருங்கள். இந்த வகுப்பில் பல வண்டிகளுக்கு மிச்சம் 200-க்குள்தான் நிற்கும். கிளம்புவதற்கு முன்பே வரம்பில் நிற்கிறீர்கள். அதனால் பெட்டியை மறந்துவிட்டுத் துணிப் பையாக வாங்குங்கள், அங்கேயே பத்துக் கிலோ மிச்சம்.

அடுத்தது பின் ஷாக், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு. புது வண்டி பெரும்பாலும் ஒற்றை ஆளுக்கான செட்டிங்கில்தான் வரும். ஆளும் சுமையும் ஏறியபின் சஸ்பென்ஷன் தான் மேலும் கீழும் அசையும் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கி நின்றால் சரி. ஹிமாலயன் 450-க்கு ஓட்டம் 200 மி.மீ., எனவே 65, 70 மி.மீ. ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டாமல் டபுள்ஸ் ஏறினால் பின்பக்கம் அதைவிட நிறைய அமுங்கிவிடும். முன்சக்கரம் லேசாகி வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். சுமையோடு சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி சாயாமல் நேராக நிற்கும், லேசாகத் தள்ளினாலும் அந்தப் பக்கம் விழுந்துவிடும். இது எதுவும் வண்டியின் குறை இல்லை, ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் சரியாகிவிடும். வெர்சிஸ் 650, வி-ஸ்ட்ராம் 800டிஇ போன்றவற்றில் இதற்குக் கையால் திருகும் குமிழே இருக்கிறது. கேட்டால் சின்ன விஷயம், வாரா வாரம் ஒருநாள் தனியாக, ஒருநாள் ஜோடியாக ஓட்டுபவருக்கு அது பெரிய வசதி.

நீங்கள் சொன்ன மூன்றில் ஹிமாலயனும் என்எக்ஸும் ஒரே எடை, 196 கிலோ. 390 அவற்றைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் இளைத்தது. ஹிமாலயன் ஒற்றை சிலிண்டர், 40 பிஎஸ் (குதிரைத்திறன்), அதன் முழு இழுவை 5,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 390-க்கு 46 பிஎஸ், ஆனால் அதைக் கொஞ்சம் சுற்றவிட்டு ஓட்டவேண்டும். என்எக்ஸ் இரட்டை சிலிண்டர், 47.5 பிஎஸ், அதிர்வு குறைவு. ஆறு மணி நேரம் ஹைவேயில் போய் இறங்கும்போது அதன் அருமை பின்சீட்டுக்குத்தான் தெரியும். டேங்கைப் பார்த்தால் ஹிமாலயனில் 17 லிட்டர், 390-இல் 14.5.

ராக்கெட்_ராசா

எதுக்கு இவ்வளவு கணக்கு? டபுள்ஸ் டூரிங் என்றால் 650-க்குக் கீழே பார்க்கவே கூடாது ப்ரோ. செகண்ட் ஹேண்டில் வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி தேடுங்கள், வி-ட்வின் இன்ஜின், 20 லிட்டர் டேங்க், ஏறி உட்கார்ந்தால் சோபா. நாளைக்கு எப்படியும் பெரிய வண்டிக்குத்தான் வரப்போகிறீர்கள், நடுவில் ஒன்று எதற்கு?

நொய்யல்கரை

நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் 216 கிலோ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் எதிரே பஸ் வந்து, நீங்கள் நடுவில் நின்று, தரை சாய்வாக இருக்கிறது என்று வையுங்கள். 216-ம் இரண்டு ஆளும் சுமையும் சேர்ந்து 400-ஐ எட்டும், அதை ஒரே காலில் பிடிக்க வேண்டும். சேலத்துக்காரர் உயரம் 5 அடி 7. அதோடு அந்த மாடல் இங்கே விற்பனையில் இல்லை, வாங்குவதற்கு முன் உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்று இரண்டு இடத்திலாவது விசாரிக்க வேண்டும்.

மஞ்சள் ஹெல்மெட்

இத்தனை பதிலில் பின்னால் உட்காரப் போகிறவரை யாரும் கேட்கவே இல்லையே! நான் பதினோரு வருடமாகப் பின்சீட். மதுரையிலிருந்து ஹம்பி, கோவா, இரண்டு முறை ஸ்பிதி. மூன்று வண்டி மாறியிருக்கிறோம், இரண்டாவது வண்டியை என் வீட்டுக்காரர் தானாகப் போய் வாங்கி வந்தார், எட்டே மாதத்தில் விற்றோம். வண்டியின் பெயர் வேண்டாம், அது நல்ல வண்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு மட்டும் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தது, முட்டி மடங்கியே கிடந்து 80 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டியிருந்தது.

அக்காவைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள் அண்ணா, ஷோரூம் வாசலில் இரண்டு நிமிடம் இல்லை, குறைந்தது நாற்பது நிமிடம். சீட்டின் அகலம் முக்கியம், மெத்து மெத்தென்று இருப்பது முக்கியமே இல்லை, ரொம்ப மெத்தென்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும். பின்சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சறுக்கிப் போய் அவர் முதுகில் ஒட்டுவீர்கள், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக் டொக்கென்று இடிக்கும், ரெண்டு பேருக்கும் கோபம் வரும். கைப்பிடி இடுப்புக்குப் பக்கவாட்டில் இருந்தால் நல்லது. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றால் வயிற்றுத் தசையாலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கணும், இடுப்பு வலிக்கு அதுதான் முதல் எதிரி. பின்சீட்டுக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸ் பெட்டியில் ஒட்டும் சின்ன முதுகுத் தலையணை எனக்கு வாழ்க்கையையே மாற்றியது.

இன்னொன்று, கணவன்மார்கள் கவனத்துக்கு. எந்த வண்டியாக இருந்தாலும் கியர் மாற்றும்போது க்ளட்சை மெதுவாக விடுங்கள். பாதி வலி வண்டியால் வருவதில்லை.

ஸ்பேனர் செட்

அந்த அக்கா டாப் பாக்ஸ் பற்றிச் சொன்னது சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் டபுள்ஸ் கோளாறு பாதிக்கு மேல் அதனால்தான் வருகிறது. டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது, அதில் பத்துப் பன்னிரண்டு கிலோவை அடைத்து, மேலே கூடாரமும் கட்டி, குழியில் தட்தட்டென்று விட்டால் ரேக்கின் போல்ட் தளரும், அப்புறம் சீட்டையும் ரேக்கையும் தாங்கும் சப்ஃப்ரேமில் கீறல் விழும். போன மாதம் ஒரு வண்டி, பெயர் வேண்டாம், ரேக் பிடிக்கும் இடத்தில் வெல்டிங்கே விட்டுப் போய் வந்தது. பெட்டியில் எத்தனை கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் படியுங்கள். ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட் மாதிரி இலேசானது மட்டும் மேலே. டூல்ஸ், செயின் ஸ்ப்ரே, தண்ணீர் எல்லாம் கீழே, இன்ஜினுக்குப் பக்கமாக.

வண்டி காலியாக நிற்கும்போது செயினைத் தளர்வே விடாமல் இறுக்கிவிட்டு டபுள்ஸ் ஏறாதீர்கள். பின்பக்கம் அமுங்க அமுங்க செயின் இறுகும், தளர்வு பத்தாமல் பேரிங்கைத் தின்றுவிடும். காற்றழுத்தம் டபுள்ஸுக்குத் தனியாகப் போட்டிருப்பார்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும், காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்கணும்.

முக்கியமாக டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர். ஹிமாலயன் 450 எடுத்தால் டியூப்லெஸ் ஸ்போக் வீல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். வந்த புதிதில் டியூப்தான் இருந்தது, அப்புறம்தான் டியூப்லெஸ் கொடுத்தார்கள், பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டால் ஏமாறாதீர்கள். சுமையோடு பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை ஒருமுறை செய்தவர் மறுபடி டியூப் வண்டி வாங்கமாட்டார். டியூப்லெஸ்ஸில் ஆணியைப் பிடுங்கிக் கயிறு சொருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.

ராக்கெட்_ராசா

அதெல்லாம் சரி, லடாக்கில் 40 பிஎஸ் ரெண்டு பேரை இழுக்குமா? அதைச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

நியாயமான கேள்வி. லடாக்கில் எல்லாரும் ஏறும் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நம் சென்னையில் இருப்பதில் 60 சதவீதம்கூட இருக்காது, எரிக்கக் காற்றில்லை என்றால் பவரும் அதே அளவுக்குக் குறையும். 40 பிஎஸ் அங்கே 23, 24 ஆகிவிடும். பழைய ஹிமாலயன் 411 இங்கே சமவெளியில் கொடுத்ததே 24 சொச்சம்தான், அதில் டபுள்ஸ் போகாத ஆளா? முதல் இரண்டு கியரில் ஏறும், அங்கே யாரும் 100-இல் போகப் போவதில்லை. 84 பிஎஸ் வண்டி வைத்திருப்பவருக்கும் அதே விகிதத்தில்தான் குறையும், அவர் கொஞ்சம் சொகுசாக ஏறுவார், அவ்வளவே.

அங்கே முதலில் திணறப்போவது இன்ஜின் இல்லை, நீங்கள். லே நகரமே 3,500 மீட்டர். மணாலி வழி சட்டென்று உயரத்தில் கொண்டுபோய்விடும், முதல் முறை ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஸ்ரீநகர், கார்கில் வழியாக மெல்ல ஏறுவதையே சொல்வேன். லேயில் இரண்டு நாள் எங்கும் போகாமல் படுத்துக் கிடங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். லடாக் பதினைந்து நாள். மிச்சம் 50 வாரமும் ஏற்காடும் வால்பாறையும்தானே? விமானத்தில் லே போய் அங்கேயே வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம். லேயில்தான் எடுக்கணும், மணாலியிலோ ஸ்ரீநகரிலோ எடுத்த வாடகை வண்டியில் அங்கே ஊர் சுற்ற விடமாட்டார்கள். சொந்த வண்டியில்தான் போகணும் என்றால் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வடக்கே அனுப்பிவிடலாம், டேங்கைக் காலி செய்து கொடுக்கணும்.

சேலத்துச் சக்கரம்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எடை மிஷின் சோதனை செய்தோம். முழு உடுப்பில் இருவரும் 171. அவள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒரு ஷோரூமில் டெஸ்ட் ரைடுக்குத் தனியாகத்தான் போகணும், பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்றுவிட்டார்கள், அப்படியே திரும்பிவிட்டோம். நண்பர்களின் வண்டியை வாங்கி ஏற்காடு ரோட்டில் 20 வளைவும் ஏறி இறங்கினோம், ஒரே நாளில் ஹிமாலயனும் 390-யும், அடுத்த ஞாயிறு என்எக்ஸ். என்எக்ஸில் இறங்கியதும் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது, ஆனால் 2024-இல் அறிமுகமானபோதே ஷோரூம் விலை 5.90 லட்சம், 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனபின் ஆன்ரோடு கேட்டால் எங்கள் பட்ஜெட் எங்கேயோ நிற்கிறது. 390 ஓட்ட எனக்கு ரொம்பப் பிடித்தது. "நீ ஓட்டுற, நான் தொத்திக்கிட்டு வர்றேன்" என்றாள், பேச்சு முடிந்தது.

ஹிமாலயன் புக் செய்தாச்சு, டியூப்லெஸ். மிச்சமான பணத்தில் அவளுக்கு நல்ல ரைடிங் பேண்ட், பூட்ஸ், இருவருக்கும் இன்டர்காம். சீட்டை மட்டும் பின்பக்கம் அகலப்படுத்தித் தைக்கணும் என்கிறாள். லடாக் பற்றி இன்னும் சண்டை ஓய்வில்லை, வாடகை வண்டி என்றதும் முறைத்தாள்.

ஸ்பேனர் அண்ணா, சேலம் ஈரோடு பக்கம் இந்தச் சீட் வேலை நன்றாகச் செய்பவர் யாராவது தெரியுமா? சேலை கார்டைக் கழற்றினால்தான் பை மாட்ட முடியும் என்று ஆக்ஸசரி கடைக்காரர் சொல்கிறார், அதுவும் உண்மையா?

ஸ்பேனர் செட்

கழற்றாதீர்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்கணும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது, துப்பட்டாவும் பை வாரும் போய்ச் சுற்றுவது அங்கேதான். கார்டு மேலேயே உட்காரும் துணிப் பை இருக்கிறது, வண்டியைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சீட் ஆள் விவரம் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், உட்காரவைத்து அளவெடுப்பார்.

மஞ்சள் ஹெல்மெட்

அக்காவிடம் சொல்லுங்கள், ஸ்பிதிக்கு ஆள் சேர்க்கிறேன்.